அம்புக்குறி மொய்

சம்பத்தை நல்லவன் என்று யாராவது சொன்னால், அவனிடம் செல்போனை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. கல்பாக்கம் பக்கம் எங்கள் குப்பத்து முனையில்தான் அவன் கடை. செல்போனில் 'நம்ம கரை' என்ற பக்கத்தைத் தொடங்கியதும் அவன்தான். செய்தியோ வீடியோவோ, எதன் லிங்க்கையும் யாரும் அதில் போடலாம். பிடித்தால் மேல் அம்பு, பிடிக்காவிட்டால் கீழ் அம்பு. மேல் அம்பு நிறைய வாங்கியது உச்சியில் நிற்கும். கீழ் அம்பு வாங்கியது மறைந்துவிடும்.

நல்ல ஏற்பாடுதான். அந்தப் பாவி அதைக் கல்யாண மொய்யாக்கிவிட்டான். நீ எனக்கு அமுக்கினால் நான் உனக்கு அமுக்குவேன். மொய் வைக்காதவர் எதைப் போட்டாலும் கீழ் அம்புதான். திறந்து படிப்பதெல்லாம் வேலையற்றவன் வேலை. மீன் விலையும் காற்றின் போக்கும் வந்த பக்கத்தில் கடைசியில் நடிகையின் நாய்க்குட்டிதான் மிஞ்சியது. கரையில் எல்லோரும் பார்ப்பதும் அதைத்தான்.

போன வாரம் பக்கத்து ஊரான அணுபுரத்துத் தமிழரசி, விடியற்காலையில் பெரிய அலை வரும் என்ற எச்சரிக்கையின் லிங்க்கைப் போட்டாள். "படகை மேடேற்றுங்கள்" என்றும் எழுதினாள். அவள் யாருக்கும் மொய் வைத்தவளில்லை. கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போனது. உச்சியில் சம்பத் போட்ட வீடியோ, ஆடு பைக் ஓட்டுகிறது. விடிந்தபோது என் தம்பி அரசுவின் படகு கல்லில் மோதி இரண்டாகக் கிடந்தது. அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

அரசுவையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய்க் கத்தினேன்.

"நானா மறைச்சேன்? ஜனம் அமுக்குச்சி, போச்சி. உன் தம்பியே கீழ அமுக்கினான், கேளுக்கா," என்றான் சம்பத்.

அரசு தலை குனிந்தான். "ஆமாக்கா. ஆடு வீடியோ எறங்குது, இன்னொண்ணு ஏறிக்கினு கீது, அத்தக் கீழ அமுக்குன்னு இவன்தான் சொன்னான். என் கொயந்த காதுகுத்து வீடியோவுக்கு இவன்தான் மொதல்ல அமுக்கினான், எப்டி மாட்டேன்றது? இன்னா லிங்க்குனு தொறந்துகூடப் பாக்கல."

எனக்கு இன்னும் கத்த வேண்டும்போல் இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சம்பத் அரசுவிடம் தன் போனை நீட்டினான். உடைந்த படகைச் சுற்றிச் சுற்றி எடுத்திருந்தான். "அண்ணாத்த, இப்பத்தான் போட்டேன். நீயும் ஒண்ணு தட்டிவுடு."

அரசு என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் போனை எடுத்தான். மேல் அம்பை அமுக்கினான்.