மெற்றில்டா அக்காவின் வலக்கை

சென்ற கிழமை யாழ்ப்பாணத்தில் நான் படிப்பிக்கும் கணனி வகுப்பு முடிந்து, ஜெனரேற்றரை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரு பெண் பையோடு நின்றார்.

"நீங்கள்தானே புளியங்கூடல் சிவமலர்? நான் நெடுந்தீவு. மெற்றில்டாவின்ரை தம்பி பெண்சாதி, அக்னெஸ்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ மோசம் போயிட்டா" என்றார்.

முன்பென்றால் நெடுந்தீவிலிருந்து காலையில் வெளிக்கிட்டவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணம் வந்துவிடுவார். இப்போது சண்டையால் அந்த வழி இல்லை. அக்னெஸ் கப்பலேறிக் கொழும்புக்குப் போய், வவுனியாவால் சுற்றி, இங்கிருக்கும் மகளைப் பார்க்க வந்திருந்தார். அந்தச் செய்தியும் அவரோடு நாட்டைச் சுற்றித்தான் வந்தது. அக்காவை அடக்கம் செய்து மாதங்கள் ஆகிவிட்டன. நெருப்புக்காய்ச்சலாம். காற்றுக் காலம் என்பதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு வெளிக்கிடவில்லை. கடல் அடங்கிப் படகு வந்தபோது ஏற்றுவதற்கு ஆள் இல்லை.

ஊர்காவற்றுறையில் எங்கள் அச்சகத்தில் கலியாண அழைப்பிதழும் செத்தவரைப் பாடும் அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகமும் அடிப்பித்தவர்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறீர்கள். மெற்றில்டா அக்காவை உங்களுக்குத் தெரியும். உயரமான, கறுத்த, அதிகம் சிரிக்காத பெண். வலக்கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை. அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த விரல்களை எடுத்தது எங்கள் அச்சகத்தில் காலால் மிதித்து அச்சடிக்கும் மிதி மெஷின். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே நடந்தது. அதன் பிறகும் முதலாளி கதிரவேலு அண்ணை அவரை வேலையில் வைத்திருந்தார். ஆனால் ஈய எழுத்துக் கோக்க விடவில்லை. பிழை திருத்துவதும் கணக்குப் பார்ப்பதும்தான் வேலை. அக்கா அதைப் பற்றி ஒருவரிடமும் முறையிட்டதில்லை. கல்வெட்டுப் பாடல்களைத் திருத்தும்போது மட்டும் எப்போதாவது ஏதேனும் சொல்வார். ஒருமுறை ஒரு வியாபாரியைக் கர்ணன், தருமன் என்று பாடியிருந்த வெண்பாக்களைப் படித்து முடித்து, "செத்த ஆளை ஒருக்காலும் காணாத ஆரோ எழுதியிருக்கினம்" என்றார். இதை எழுதும்போது அந்தச் சொல் என் பக்கத்தில்தான் நிற்கிறது.

எண்பத்தெட்டில் அண்ணையின் தம்பி ஜேர்மனியிலிருந்து ஒரு கணனியோடு வந்தார். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. யாழ்ப்பாணத்தில் சில மாதம் கணனி படித்திருந்ததால் என்னை வேலைக்கு எடுத்தார்கள். எனக்கு இயந்திரம் கொஞ்சம் தெரியும், அக்காவுக்குத் தமிழும் பக்க அமைப்பும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து செய்வது என்று ஏற்பாடு. விசைப்பலகையை அக்கா எட்டு விரலால் பழகிக்கொண்டார். மவுஸ்தான் வழிவிடவில்லை. இடது பொத்தானை அழுத்த வேண்டிய விரல் அவருக்கு இல்லை. பாதி விரல் அதில் பட்டும் படாமலும் உரச, நினையாத இடத்தில் எழுத்துகள் துள்ளி ஓடின.

இடக்கைக்கு மாற்றும்படி அண்ணையின் தம்பி சொன்னார். வெளிநாட்டில் எத்தனையோ பேர் அப்படிச் செய்கிறார்களாம். அக்கா மறுத்துவிட்டார். தம்பியார் போன பிறகு நானும் கேட்டேன்.

"இடக்கையாலை ஏலாது எண்டில்லை, சிவமலர். இந்தக் கை மடியிலை சும்மா கிடக்கப் பழகினா, பிறகு எழும்பாது. எனக்கு அது தெரியும்" என்றார்.

அதன்பின் நாங்கள் இருவரும் அந்தக் கைக்கு ஏற்றபடி மவுஸை மாற்றத் தொடங்கினோம். கையேடு ஜேர்மன் மொழியில் இருந்தது. படங்களைப் பார்த்தும் பிழை விட்டும் பொத்தான்களை இடம் மாற்றும் வழியைக் கண்டுபிடித்தேன். மோதிர விரல் விழும் வலது பொத்தான் இனி முதற் பொத்தான். அக்காவின் அந்த விரல் மெதுவானது, ஆகவே இரண்டு தட்டுக்கும் இடையிலான நேரத்தைக் கூட்டினேன். திரையில் அம்பு ஓடும் வேகத்தைக் குறைத்தேன். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கடைசியில், இயந்திரம் எழும்பும்போதே வாசிக்கும் கோப்பில் அவற்றை எழுதி வைத்தேன்.

மிச்சத்தை அக்கா செய்தார். தன் தம்பியின் மீன் வலையிலிருந்து ஒரு மிதப்புக் கட்டையைக் கொண்டுவந்து, பிளேட்டால் சீவி, கண்ணாடித் துண்டால் சுரண்டி, மவுஸின் முதுகில் ஒட்டினார். பாதி விரல்கள் அதில் சாய்ந்திருக்கும், இடது பொத்தானைத் தொடாது. சரிவராமல் பிடுங்கி, மீண்டும் சீவி ஒட்டினார். அப்படிப் பல கிழமை போயிற்று. உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் உருண்டை பிசுபிசுத்துச் சிக்கும். ஒவ்வொரு காலையிலும் அதைக் கழற்றி ஸ்பிரிற்றால் துடைப்பது எங்கள் முதல் வேலை. அந்த மவுஸால் அவர் அமைத்த முதற் பக்கம் மடத்துவெளியில் நடந்த ஒரு கலியாணத்தின் அழைப்பிதழ். அச்சில் வந்ததும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதிரவேலு அண்ணையின் சம்பந்தி வீட்டார் கணனியைப் பார்க்க வந்தார்கள். அண்ணை கதிரையில் இருந்து இடது பொத்தானை அழுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. ஆட்களுக்கு முன் வெட்கப்பட்டுப்போய், அந்தக் கட்டைதான் காரணம் என்று எண்ணிப் பிடுங்கி எறிந்துவிட்டார். திங்கட்கிழமை அக்கா வந்து பார்த்தார். வெறும் மவுஸோடு மாலைவரை வேலை செய்தார். பாதி விரல்களின் நுனி சிவந்து வீங்கிவிட்டது. வீட்டுக்கு வெளிக்கிடும்போது அண்ணையின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணை, உங்கடை செருப்பை நான் ஒரு நாள் போட்டுக்கொண்டு போயிட்டு, எனக்கு இறுக்குதெண்டு வாரை அறுத்துத் தந்தா என்ன செய்வியள்?"

அண்ணை கெட்டவர் அல்ல. மிதி மெஷின் பக்கம் அவர் போவதைக் குறைத்துக்கொண்டதும் அந்த விபத்துக்குப் பிறகுதான் என்று பழைய வேலையாட்கள் சொல்வார்கள். அடுத்த மாதம் மை வாங்க என்னைக் கொழும்புக்கு அனுப்பியபோது, மெற்றில்டாவையும் கூட்டிப்போய் அவவின் கைக்கு ஏற்றதாக ஒன்று எடுத்துவரச் சொன்னார்.

கொழும்பில் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவற்றைக் காட்டி, எல்லாம் ஒரே மாதிரித்தான் என்றார். அக்கா கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, ஒவ்வொன்றின் வயரையும் கணனியில் பூட்டித் தரும்படி கேட்டார். பூட்டியதும் திரையில் ஒரு வட்டம் வரைவார், அழிப்பார், கையை எடுத்து மீண்டும் வைப்பார். கடைக்காரர் முதலில் அலுத்துக்கொண்டார். பிறகு அவரும் சேர்ந்து பார்க்கத் தொடங்கினார். புதிதாக வந்த தட்டையானவை ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் வெயில் பட்டு மஞ்சளித்துக் கண்ணாடியோரம் கிடந்த ஒரு பழசைக் கேட்டு வாங்கினார். முதுகு உயர்ந்தது, பாரமானது, மூன்று பொத்தான். நடுப் பொத்தானை, விரல் பட்டாலும் ஒன்றும் நடக்காதபடி அடக்கிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். அடக்கலாம் என்றேன். "அப்ப இதுதான்" என்றார். முதல் தடவையாக அன்று அவர் சிரித்ததைக் கண்டேன்.

திரும்பி வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். எங்கள் பையைக் கிளறிய சிப்பாயின் கையில் வயர் அகப்பட்டது. குண்டென்று எண்ணி அதைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான். பக்கத்தில் நின்ற சனம் விலகி ஓடியது. துவக்குகள் எங்களை நோக்கின. எங்கள் மொழி அவர்களுக்குத் தெரியாது, அவர்களுடையது எங்களுக்குத் தெரியாது. அக்கா மெதுவாகக் குனிந்து, தரையில் விழுந்து கிடந்த மவுஸின் மேல் தன் வலக்கையை வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். சிப்பாய் அந்தக் கையைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. ஏதோ முணுமுணுத்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பஸ் வெளிக்கிட்டு வெகுதூரம் வந்த பிறகு அக்கா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். தப்பிவிட்டோம்தானே என்று நான் தேற்றப் பார்த்தேன்.

"அவன் மவுஸைப் பாக்கேல்லை. கையைத்தான் பார்த்தவன். இந்தக் கையைக் காட்டி ஒருத்தரிட்டையும் ஒண்டும் வாங்கக்கூடாதெண்டு இருந்தனான். இண்டைக்கு உயிரை வாங்கிப்போட்டன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

அந்த மவுஸோடு அவர் வேலை செய்த காலம் அதிகமில்லை. தொண்ணூறில் சண்டை மூண்டு, தீவுப் பகுதியில் இனி இருக்க முடியாது என்றானதும் அச்சகத்தைப் பூட்டினோம். அண்ணை கணனியை லொறியில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார், நானும் என் வீட்டாரோடு போனேன். அக்கா வரவில்லை. நெடுந்தீவில் தாய் படுக்கையில் இருந்தார். குறிகட்டுவான் துறைவரை போய் அவரை வழியனுப்பினேன். மவுஸை நீங்கள் கொண்டுபோங்கோ, அது உங்களுடையது என்றேன். அங்கே கணனியும் இல்லை, மின்சாரமும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவர் அதை ஒரு துவாயில் சுற்றிப் பையின் அடியில் வைத்தார். கொஞ்ச நாளிலை திரும்பி வந்திடுவன், கணனியிலை அந்த வேகத்தை ஒருத்தரும் மாத்தாமல் பாரும் என்றார். படகு துறையை விட்டதும் நான் பஸ்ஸுக்கு ஓடவேண்டியிருந்தது. அதன் பிறகு அவரைக் காணவில்லை.

அன்று அக்னெஸ் தேநீர் குடித்து எழும்பும்போது தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்டார். அக்காவின் அலுமாரிக்குள், துவாய்க்குள், வால்போல வயரோடு ஒரு சாமான் இருந்ததாம். இடைக்கிடை எடுத்துத் துடைத்து வைப்பாராம். கேட்டால், தன் வேலைச் சாமான் என்பாராம். அக்கா போன பிறகு, வீடு சோதிக்க வருகிறவர்கள் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டார்கள்.

"பிழையே, தங்கச்சி?" என்றார்.

பிழையில்லை என்றேன். உண்மையாகவே பிழையில்லை. பிள்ளைகள் உள்ள வீடு, நானும் அதைத்தான் செய்திருப்பேன். அக்னெஸ் போன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அக்கா தொட்ட பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை. படம்கூட இல்லை. இருப்பது ஒரு பழக்கம். வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களில் இப்போது காயப்பட்ட கைகள் பல. ஒருவர் கணனிக்கு முன்னால் இருந்ததும் அவருடைய கையை நேராகப் பார்க்கிறேன், முகத்தைத் திருப்புவதில்லை. எந்த விரல் அழுத்தும், எது நோகும், எவ்வளவு வேகம் வேண்டும் என்று கேட்டு, அதன்படி மவுஸை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிறேன். இரக்கத்தை ஒரு சொல்லிலும் காட்டுவதில்லை. அது மெற்றில்டா அக்காவிடமிருந்து எனக்கு வந்தது.