பெற்றிசியாவுக்கு வைத்த மேல் தட்டு

கடற்கரை ஊரான பேசாலையில், மீன் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற ஒரு வாடியில் பெட்டி அடுக்குவதுதான் யாகப்பரின் தொழில். தெர்மோகோல் என்றும் சொல்கிற வெள்ளை றெஜிபோம் பெட்டியில் ஒரு வரி ஐஸ், ஒரு வரி பாரை, மறுபடி ஐஸ் என்று அவர் அடுக்கிவிட்டால் கொழும்பு போய்ச் சேரும்வரை மீனின் கண் மங்காது. அப்படிப்பட்ட மனிதர் ஐம்பது வயதுக்கு மேல் கேக்குக்குப் பூ வைக்கப் பழகினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? வயிறு நோகச் சிரித்தது.

மகள் சுவேதினிக்கும் முருங்கன் பொடியன் நிறோஜனுக்கும் கல்யாணம் முற்றாகியிருந்தது. தாய் பெற்றிசியா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. அந்த வீட்டுக்காரர் லீவு தர மறுத்துவிட்டார்கள். போனில் அழுது முடித்த பிறகு அவள் கணவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கோயிலுக்கும் வரேலாது, பிள்ளையின்ர நெத்தியில சிலுவை போடவும் ஏலாது. மண்டபத்தில வைக்கிற கேக்கில ஒரு துண்டாவது எனக்குக் கிடைக்குமோப்பா?"

"ஏன் கிடைக்காது? அனுப்பிவிடுறன்," என்றார் யாகப்பர்.

வாய் கொடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மண்டபத்தில் அடுக்கடுக்காக நிற்கிற கேக், கேக்கே இல்லை. டவுனில் வாடகைக்கு எடுக்கிற சாமான். வெளியே ஐசிங், உள்ளே முழுக்க றெஜிபோம். கத்தி வைப்பதற்கென்று கீழ்த் தட்டில் மட்டும் ஒரு துண்டு மெய்க் கேக். வந்தவர்களுக்குச் சின்னப் பெட்டியில் கொடுப்பது வேறு கேக். காலமெல்லாம் றெஜிபோமோடு மாரடிக்கிற யாகப்பருக்கு இது அடுக்கவே இல்லை. உள்ளே மீனும் இல்லை, கேக்கும் இல்லையென்றால் அந்தப் பெட்டி எதற்கு?

"கேக் நானே செய்யிறன்," என்றார். ஏன் என்று மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவளும் தாயை நினைத்து அழத் தொடங்குவாள் என்ற பயம்.

கொண்டுபோக ஆளும் பிடித்துவிட்டார். எருக்கலம்பிட்டி ஸப்ராஸ் முன்பு வாடிக்கு லொறி ஓட்டியவன், இப்போது குவைத்தில் ட்றைவர். லீவில் வந்து நின்றான், கல்யாணம் முடிந்த கையோடு திரும்புகிறவன்.

"தாங்கோ, கொண்டுபோறன்," என்றான். "ஆனா பிராந்தி கிராந்தி ஒண்டும் ஊத்தாதையுங்கோ. குவைத் எயார்போட்டில பிடிச்சா என்ர வேலை போச்சு."

அதனால் பிளம்ஸையும் பேரீச்சம்பழத்தையும் பிராந்திக்குப் பதிலாகத் தோடம்பழச் சாற்றில் ஊற வைத்தார். பெற்றிசியா போன தடவை கொண்டுவந்த, கேக் சுடுகிற கரண்ட் அவண், அப்பளமும் மெழுகுதிரியும் வைக்கிற அலுமாரியாகிப் போயிருந்தது. அதைக் காலி பண்ணித் துடைத்தார். கேக் சுடுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. போனில் பார்த்து அளந்து போட்டால் அது தன்பாட்டில் வெந்தது. ஐசிங்தான் ஆளைக் கொன்றது. பட்டர் ஐசிங்கைப் பையில் நிரப்பி அமத்தினால் ஒரு நேரம் வராது, வந்தால் நிற்காது. ஜன்னலைத் திறந்தால் கச்சான் காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து தூவும். மூடினால் வெக்கையில் பூ உருகும். வாடியில் கூட வேலை செய்கிற யோசேப் ஒரு மத்தியானம் வந்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இது றோசாவோ, கணவாயோ?"

உருகுவதற்கு மருந்து தன்னிடம் இருக்கிறதே என்று அப்போதுதான் யாகப்பருக்குப் பட்டது. ஐஸ் விஷயத்தில் அவருக்கு யார் பாடம் சொல்வது? வாடியிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, சோப் போட்டு, தேசிக்காய் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடியில் ஐஸைப் பரப்பிக் கேக்கை உள்ளே இறக்கினார். மறுநாள் காலையில் எடுத்தபோது பூ ஒவ்வொன்றும் வைத்தது வைத்தபடி நின்றது. பெருமையோடு மகளுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்.

சுவேதினி வாயில் வைத்தாள். மெல்லவில்லை.

"அப்பா, சூடை மீனுக்கு என்னத்துக்குச் சீனி போட்டனீங்கள்?"

பட்டர் இரவு முழுக்கப் பெட்டியின் மணத்தைக் குடித்திருந்தது. முதலில் சிரித்தவள் பிறகு சிரிக்கவில்லை.

"போதுமப்பா. நிறோஜன்ர ஆக்களுக்கு முன்னால என்னால வெக்கப்படேலாது. டவுனில ஓடர் குடுப்பம்."

யாகப்பருக்குக் கோபம் வந்தது. "குடு! மேல் தட்டை வெட்டிக் கொம்மாவுக்கு அனுப்பு. அவள் அங்க இருந்து றெஜிபோமைக் கடிச்சுப் பாக்கட்டும்!"

பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் பயந்ததுபோலவே சுவேதினி அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதலே சொல்லியிருக்கலாம்தானே," என்று போனை எடுத்துத் தேடினாள். முட்டை வெள்ளைக்கருவில் அடிக்கிற ஐசிங் கிடைத்தது. காய்ந்தால் கல்லுமாதிரி நிற்கும், ஐஸே தேவையில்லை. ஆனால் பாத்திரத்திலோ கையிலோ ஒரு பொட்டு எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரைக்காது. மீன் அடுக்குகிற கைக்கு இது பெரிய சோதனை. யாகப்பர் சோப்பால் கழுவினார், தேசிக்காயால் தேய்த்தார், நகத்துக்குள் பல் விளக்குகிற பிரஷை விட்டுக் குடைந்தார். தோல் சிவந்துபோயிற்று. வெள்ளைக்கரு பொங்கி நிமிர்ந்தது.

றோசாவைக் கைவிட்டார். ஐந்து இதழ்ச் சின்னப் பூ கைக்கு வந்தது, அதையே சுற்றிவர வைத்தார். கல்யாணத்தன்று இரண்டு தட்டுக் கேக் மண்டபத்தில் நின்றது. ஒரு பக்கம் கொஞ்சம் சரிவுதான், அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பிவிட்டார். மகளும் மருமகனும் கீழ்த் தட்டை வெட்டினார்கள். மேல் தட்டுக்கு நிறோஜன் கத்தியைக் கொண்டுபோனபோது சுவேதினி அவன் கையைப் பிடித்தாள்.

"அது அம்மா வெட்டுறது."

யாகப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதிரைகளை எண்ணுகிறவர்போல நின்றார்.

மேல் தட்டை அவரே அடைத்தார், மீனே காணாத புத்தம்புதுப் பெட்டியில், பேப்பர் சுற்றி, அசையாதபடி. ஸப்ராஸ் மடியில் வைத்த பிள்ளையைப்போலக் கொண்டுபோய்க் கொடுத்தான். அன்று பின்னேரம் பெற்றிசியா வீடியோவில் வந்தாள். பூ ஒன்றும் உதிரவில்லை. அவள் வாயால் நல்ல சொல்லொன்று கேட்க யாகப்பர் போனுக்குக் கிட்டப் போனார். அவள் குனிந்து கேக்கை மணந்தாள், பேப்பரை மணந்தாள், பெட்டிக்குள்ளேயும் தலையை விட்டுப் பார்த்தாள்.

"ஒரு பொட்டு மீன் மணமும் இல்லையேப்பா."

"பின்ன? என்ன பாடுபட்டுக் கை கழுவினனான் எண்டு தெரியுமோ?"

"உங்கட கை மணமாவது இருக்கும் எண்டு பாத்தன்," என்றாள்.

யாகப்பர் தன் கையைப் பார்த்தார். அன்று காலையில்தான் மறுபடி வாடிக்குப் போய்வந்திருந்தார்.

"நீ வா," என்றார். "வந்தா, போதுமெண்டு ஓடுற அளவுக்கு மணக்கும்."

பெற்றிசியா அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள்.