கோலை வைத்துவிட்டுக் குச்சியை எடுத்தேன்

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஓர் அலமாரிப் பட்டறையில் மணல்தாள் பிடித்துப் பலகை தேய்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கைக்கு அது பெரிய வேலையில்லை. தூசிதான் நெஞ்சை அடைத்தது. அளந்து கோடு போடுபவர் பத்து காஜா ஊர்ப் பக்கம் வேலை மாறிப் போனதும், அவருடைய மேசையை எனக்குத் தரச் சொல்லி முதலாளியை நச்சரித்தேன். சீனர், பொறுமைசாலி. சரி, செய்து பார் என்றார்.

முதல் வேலையே சொதப்பல். அலமாரிக் கதவுகள் அத்தனையும் ஒரு அங்குலம் குட்டை. முதலாளி மணல்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பட்டறையின் மர அளவுகோல் முனை தேய்ந்தது. அதனால் எல்லாரும் ஒன்றாம் அங்குலத்திலிருந்துதான் வைத்து அளப்போம். கோல் இருபத்தைந்து காட்டியது. ஒன்றைக் கழித்து இருபத்துநாலு என்று சொல்லியனுப்பினேன். ரம்பம் போடும் அண்ணனிடம் போய் எவ்வளவு அறுத்தீர்கள் என்று கேட்டேன். இருபத்துமூன்று என்றார். பழைய ஆள் கோலில் தெரிவதை அப்படியே சொல்வாராம். கழிப்பது இவர் வேலையாம்.

"அத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல அண்ணே?"

"பொம்பள ரெண்டு நாளு நிப்பே, அப்புறம் போயிருவேன்னு நெனச்சேன்லா."

போகிற ஆள் நானில்லை. முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி, இன்னும் ஒரே ஒரு கதவு கேட்டேன். அதுவும் பொருந்தாவிட்டால் தேய்ப்புக்கே போய்விட வேண்டும் என்றார்.

அளவுகோலைத் தொடவில்லை. ஒல்லியான குச்சி ஒன்றை அலமாரி வாயில் குறுக்கே பிடித்தேன். கதவு உரசாமல் திறக்க இடைவெளி வேண்டுமே, அதற்கு முதலாளி வைத்த மணல்தாளையே மடித்து ஓரத்தில் செருகினேன். தாள் தொட்ட இடத்தில் கத்தியால் குச்சியில் கீறி, அண்ணனிடம் நீட்டினேன்.

"இதுல நம்பரே இல்லண்ணே. நானும் கழிக்கல, நீங்களும் கழிக்க வேணாம். கீறுன எடத்துல அறுங்க."

கதவு போய் உட்கார்ந்தது. முதலாளி திறந்து மூடினார், மறுபடியும் திறந்து மூடினார். பிறகு மணல்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணன் ரம்பத்தைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"அடுத்த குச்சியக் குடு, தங்கச்சி."