இடது பக்கம் உட்கார்ந்தவள்

கெர்லிண்டும் அல்முட்டும் பதினோரு வருஷம் ஜோடியாகக் கிளாரினெட் வாசித்தவர்கள். கொலோனில் ஒரு சைக்கிள் கடை மாடியில் செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி. மெட்டும் தாளமும் இல்லாத இசை அது. கெர்லிண்ட் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்பாள். அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்த அல்முட் அதையே மயிரிழை விலகி ஊதுவாள். இரண்டும் உரசும்போது யாரும் ஊதாத ஒரு துடிப்பு எழும். அதைக் கேட்க முப்பது, நாற்பது பேர் வருவார்கள். கெர்லிண்டின் மாமியார் ஒரு தடவை வந்துவிட்டு, ஃபிரிட்ஜ் ரிப்பேரான மாதிரி இருக்கிறது என்றாள். அல்முட் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

பன்னிரண்டாம் வருஷம், கார்னிவல் முடிந்த வாரம், அல்முட் சுருதி இறங்கி வாசிப்பதாகக் கெர்லிண்டுக்குப் பட்டது. சொன்னாள். அல்முட் ஊதும் நாணல் தகடான ரீடை மாற்றிப் பார்த்தாள், மவுத்பீஸை மாற்றிப் பார்த்தாள். தன் காதைவிடக் கெர்லிண்டின் காதை நம்பியவள் அவள். கெர்லிண்ட் சொன்னபடியெல்லாம் சுருதியை ஏற்றி ஊதினாள். வானொலிக்காக நடந்த ஒலிப்பதிவிலும் கெர்லிண்ட் நடுநடுவே ஏற்றச் சொன்னாள்; துடிப்பு வரவே இல்லை. ஒலிப்பதிவாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கெர்லிண்ட் அவரைக் கையமர்த்திவிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "உன் காது போச்சு அல்முட். ஒத்துக்கோ."

அல்முட் கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்தாள். அடுத்த மாதம் பான் நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஒன்றரை வருஷம் போயிற்று. ஒரு மத்தியானம் கெர்லிண்ட் அடுப்பில் சூப்பைக் கிளறியபடி டெலிபோனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினாள். டயல் ஒலி சட்டென்று இறங்கியது. திரும்ப மாற்றினாள், ஏறியது. இறங்கியது. ஏறியது. சூப் அடிப்பிடித்தது.

காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். இடது காது கெட்டிருக்கிறது, எந்தச் சுரமும் அதில் கொஞ்சம் தாழ்ந்துதான் கேட்கும், இரண்டு வருஷமாகவாவது இப்படி இருந்திருக்கும் என்றார். அல்முட் உட்கார்ந்து ஊதியது அந்தப் பக்கம்தான்.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். கடிதம் எழுதினாள், கிழித்தாள். வேலை இருக்கிறது என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். நாலு மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் பானுக்கு ரயில் ஏறி, அல்முட்டின் கடைக்கே போய்ச் சொன்னாள்:

"கெட்டுப்போனது என் காதுதான். உன்னுது நல்லாத்தான் இருந்துது. நாலு மாசமா எனக்குத் தெரியும்."

அல்முட் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "குளிக்கும்போதுகூட நான் வாய்விட்டுப் பாடறதில்ல, தெரியுமா? சுருதி தப்பிடுமோன்னு."

கெர்லிண்ட் மன்னிப்புக் கேட்டாள்.

"அதை அப்புறம் பாக்கலாம். அன்னிக்கு அங்க இருந்த அத்தன பேர்கிட்டயும் மொதல்ல போய்ச் சொல்லு."

ஏழு பேர். ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டிச் சொன்னாள். ஒலிப்பதிவாளர் மட்டும், "ஆரம்பத்துல அந்தம்மா சரியாத்தான் ஊதினாங்க, சுருதி மீட்டர்ல பாத்தேன். நீங்க பேச விட்டாத்தானே?" என்றார். அதையும் மறைக்காமல் அல்முட்டுக்கு எழுதினாள். பதில் வரவில்லை.

மறு இலையுதிர்காலத்தில் அல்முட் வேறொரு பெண்ணோடு வாசிக்கிறாள் என்று சுவரொட்டி பார்த்துக் கெர்லிண்ட் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கச்சேரி முடிந்து கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்கும் இடத்தில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். அல்முட் காது எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். கெர்லிண்ட் சொன்னாள். மறுபடி சேர்ந்து வாசிப்பதைப் பற்றி அல்முட் பேசவில்லை. கேட்க இவளுக்கும் வாய் வரவில்லை.