கூடத்தில் ஒன்பது டிகிரி

ஞாயிற்றுக்கிழமை காலை 11.40. திரையின் கீழ்வரியில் முதலில் கண்ணில் பட்டது 19.4 என்ற எண். அந்த வரி நாமகிரிப்பேட்டைக்கு உரியது. மே மாதம், அங்கே மணி பிற்பகல் 2.10. பத்து நிமிடத்துக்கு முன் அதே இடத்தில் 37.2 இருந்தது.

திரையை நானே செய்தேன். பின்லாந்தின் தம்பெரே நகரில் குளிர்காலம் நீளமானது. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. உள்ளங்கை அளவுத் திரை, ஒரு சிறிய சர்க்யூட் பலகை, மரச்சட்டம். மேல்வரியில் இங்குள்ள நேரமும் வானிலையும். கீழ்வரியில் ஊர் நேரமும் எங்கள் வீட்டுக் கூடத்தின் வெப்பமும். அதை அளக்கும் கருவி சோப்புப் பெட்டி அளவுதான். போன முறை ஊருக்குப் போனபோது கூடத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அப்பா அங்கே தனியாக இருக்கிறார்.

11.50க்கு 12.8. ஏசி பதினாறுக்குக் கீழே இறங்காது. அப்பா போனை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் மேல்வீட்டு மர்யா, வாங்கிப் போன டிரில்லைத் திருப்பித் தர வந்தார். திரையைப் பார்த்தார். "உங்கள் ஊரும் குளிர்ந்துவிட்டதா? ஹியெனோவா" என்றார். அருமை என்று பொருள். ஊர் வெயிலைப் பற்றி அவரிடம் குறைபட்டுக்கொண்டவன் நான்தான். நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

எங்கள் பக்கம் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்குச் சாவை நேரே சொல்வதில்லை. இதைப் படிக்கும் என் போன்றவர்களுக்கு அது தெரியும். நான்கு ஆண்டுகளுக்கு முன், "அம்மாவுக்கு ஒடம்பு கொஞ்சம் சரியில்ல, கெளம்பி வா" என்றார்கள். எந்த மருத்துவமனை என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தேன். கூடத்தில், வாடகை ஃப்ரீசர் பெட்டிக்குள் அம்மா இருந்தார். பெட்டியின் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் வெப்பநிலை தெரிந்தது. அந்த எண்ணைத்தான் முதலில் படித்தேன். முகத்தைப் பிறகுதான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுச் செல்வியை அழைத்தேன்.

"அப்பா நல்லாத்தான் இருக்காருங்ண்ணா."

"போனை அவருகிட்டக் குடு."

"நான் ராசிபுரம் வந்துட்டனுங்க."

பேருந்துச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தேன். கேட்கவில்லை. 12.00க்கு 8.9.

12.06க்கு அப்பா எடுத்தார். "தூங்கிட்டேன் சாமி. என்ன இந்நேரத்துல?"

கருவி எங்கே என்று கேட்டேன்.

"ஃப்ரிட்ஜுல. தக்காளிக்குப் பக்கத்துல. முப்பத்தேழு காட்டுனா ஏசி போடு, தண்ணி குடின்னு மூணு வேளையும் உசுர வாங்கற. செத்த நேரம் நிம்மதியாப் படுக்கலாம்னுதான்."

கூடத்தில் ஒன்பது டிகிரி காட்டியது என்றேன். "பொட்டி வந்துருச்சுன்னு நெனச்சுட்டயா?" என்று சிரித்தார்.

அப்படியென்றால் செல்வி சொல்லியிருப்பாளே என்றேன்.

"அவ எங்க சொல்லுவா? ஒடம்பு சரியில்லீன்னு மட்டும் சொல்லோணும்னு நாந்தான் அவகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன். பாதி வழியில நீ அழுவக் கூடாதுல்ல."

அழைப்புகளுக்கு நடுவே விமானம் தேடியிருந்தேன். எங்கள் வீட்டு வாசல் வரை, கிடைத்ததில் மிகக் குறைந்த பயணம் இருபத்தோரு மணி நேரம்.