சகலையிடம் இருந்த இன்னொரு பெட்டி

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் ஊரே வரிசையில் நிற்கும், என்னைத் தவிர. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். லிஃப்ட் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அழுது ஆர்ப்பாட்டம் செய்தால், கதவுக்கு வெளியே நின்று கதை பேசிச் சிரிக்கவைத்துக்கொண்டே திறந்துவிடுவான். வெளியே வந்ததும் அவனுக்குக் கைகொடுத்துவிட்டுத்தான் போவார்கள். நான் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிறவன். எனக்கு இதுவரை எவன் கைகொடுத்தான்? மாமனார் வீட்டில் எது ரிப்பேரானாலும் அவனுக்குத்தான் போன். கிழிந்த புத்தகம் இருந்தால் என் ஞாபகம் வரலாம். அந்த வீட்டில் புத்தகமே கிடையாது.

எனக்கென்று இருந்தது ஒரே ஒரு பைத்தியம். பழைய ஸ்பீக்கர்களை வாங்கிச் சரிசெய்து பாடவைப்பது. ஒருநாள் அவன் என் வீட்டில் உட்கார்ந்து நான் வேலை செய்வதை வாய்பிளந்து பார்த்தான். அடுத்த மாதமே அவன் வீட்டிலும் ஸ்பீக்கர். அதுவும் என்னுடையதைவிட நன்றாகப் பாடுகிறது என்று மாமியார் சான்றிதழ் கொடுத்தார். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில்தான் அந்த ஸ்பீக்கர் பெட்டி கண்ணில் பட்டது. முழங்கால் உயரம், தேக்கு நிறம், ஒரு கீறல் இல்லை. இந்த மாதிரிப் பெட்டிகள் ஜோடியாகத்தான் பிறக்கும். இரண்டும் இரண்டு பக்கம் நின்று பாடினால்தான் பாட்டு முழுசு.

"இன்னொண்ணு எங்க?" என்றேன்.

"வந்ததே ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர்.

அவருக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய குவியல் ஒன்று கிடந்தது. அதைக் கிளற எனக்கு ஏது பொறுமை? கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுவாரம் சகலை போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்திருக்கிறான்.

"அண்ணே, உங்க பெட்டியோட ஜோடி கிடைச்சிருச்சு!" என்று வாசலில் வந்து நின்றான், பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. முகமெல்லாம் பல். "ரெண்டையும் சேத்து வச்சு செஞ்சிருவோமா? ஒரே பசை, ஒரே கை. அப்பத்தான் ரெண்டும் ஒரே குரல்ல பாடும்."

ஒரே கையாம். யாருடைய கை? நாளைக்கு யாராவது கேட்டால் எல்லாம் அவன் செய்தது என்றாகிவிடாதா?

"உங்களுத நீங்க பாருங்க சகலை. என்னுத நான் பாத்துக்கறேன்" என்றேன். அவன் முகம் ஒரு நொடி வாடியது. எனக்குப் பரம திருப்தி.

ஸ்பீக்கருக்குள் காகிதக் கூம்பு ஒன்று இருக்கும். அதைச் சுற்றியுள்ள நுரை வளையம் வயதானால் உதிர்ந்துவிடும், புதிது ஒட்டவேண்டும். கூம்பு மயிரிழை சாய்ந்தாலும் அடியில் இருக்கும் கம்பிச்சுருள் காந்தத்தில் உரசும். அதனால் இடுக்கில் காகிதத் துண்டு செருகி, நேராக நிறுத்தி, பசை காயும்வரை ஒருநாள் தொடாமல் விடவேண்டும். எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் அவனுக்கு முன்னால் முடிக்கவேண்டுமே! விரலால் நடுப்பார்த்து ஒட்டினேன், மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாட்டும் போட்டுவிட்டேன்.

"நான் முடிச்சாச்சு. உங்களுது?" என்று போன் செய்தேன்.

"காஞ்சிட்டு இருக்குண்ணே" என்றான். அன்றைக்குச் சாப்பாடு தேவாமிர்தமாக இறங்கியது.

அதன்பின் ஆளுக்கொரு பெட்டியாக வைத்துக்கொண்டோம். அவனிடம் போய் அந்தப் பெட்டியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உட்கார்ந்தால் எழுந்தால் அதே நினைப்பு, அவனிடம் இருக்கிறதே என்று. கடைசியில் அவனுக்கு வெளியூர் மாற்றல் வந்தது, பதவி உயர்வோடு. (அது வேறு!) போய்ச் சேரும் வீடு சின்னது என்று பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான்.

"ஜோடியப் பிரிச்சு வைக்கறது பாவம்ணே. நீங்களே வச்சுக்கங்க."

அவன் தெருமுனை திரும்புவதற்குள் இரண்டையும் மாட்டிப் பாட்டுப் போட்டேன். போட்டிருக்கவே வேண்டாம். அவன் பெட்டியில் பாடகர் என் எதிரே உட்கார்ந்து பாடினார். என் பெட்டியில் அதே ஆள் ஜலதோஷம் பிடித்துக் கரகரத்தார். இத்தனை நாளும் அவர் தொண்டையே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்!

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எதைக் கொண்டுவந்தாலும் "இன்னொரு குப்பையா?" என்கிறவள், அன்றைக்குத் தரையில் உட்கார்ந்தே விட்டாள். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. அவளுக்கு அடையாளம் தெரியாது.

"ஏங்க, இந்த ஜன்னல் பக்கத்துப் பெட்டி என்ன சுத்தமா பாடுது! இதுதானே நீங்க செஞ்சது?"

கல்யாணமான நாளிலிருந்து என் கைவேலையை அவள் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஆமா" என்றேன்.

அதோடு விட்டாளா? சகலை வீடு போய்ச் சேரும் நேரம் பார்த்துத் தங்கைக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் வைத்து, அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. உங்களுது கொஞ்சம் கரகரங்குது. எங்க வீட்டுக்காரர் செஞ்சது கணீர்னு இருக்கு!"

"எந்தப் பெட்டி, அக்கா?"

"ஜன்னல் பக்கம் இருக்கே, பின்னாடி பித்தளை ஸ்க்ரூ போட்டது."

அந்த ஸ்க்ரூக்களைக் கடை கடையாகத் தேடிப் போட்டவனே அவன்தான். போனை அணைக்கக் கையை நீட்டினேன்.

"அண்ணன் கைன்னா சும்மாவாக்கா?" என்று சிரித்தான். "நான்தான் அவசரப்பட்டுட்டேன். பசை காயறதுக்குள்ள பாட்டுப் போட்டுட்டேன்."

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி, பெருமையாக.

கேட்டேன். இனிமேல் அவனோடு ஒரு சண்டை போடக்கூட வழியில்லாமல் செய்துவிட்டான், பாவி.