வதனா அன்ரியின் கார் ஓடியது

"வதனா அன்ரி போயிட்டா" என்று அம்மா சொன்னபோது, "எங்க, காருக்குப் பார்ட்ஸ் வாங்கவோ?" என்று கேட்டேன். அம்மா முறைத்தார். சத்தியமாகப் பகிடி இல்லை. டூங்கபியில் எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி வேறு எதற்கு வெளிக்கிடுவார்?

செத்தவீட்டில் எல்லோரும் ஒரே பாட்டு. "பாவம், மனுசன் போன கவலையை அந்தப் பழைய எஞ்சினோட மறந்தவ. அதையும் முடிக்காமல் போயிட்டா." முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவு மலரிலும் அதேதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தபோது இதைச் சொன்ன ஒருவருக்கு அன்ரி கொடுத்த பதில் எனக்குத் தெரியும்: "கவலை எண்டால் நான் படுத்திருப்பன். இது ஆசை. விடுங்கோ."

எஞ்சினைக் கழற்றிக் கராஜ் முழுக்கப் பரப்பி வைத்திருந்த நாட்களில், அவர் போல்ட்டுகள் போட்டு வைத்திருந்த தட்டில் என் சைக்கிள் போல்ட் ஒன்றைப் போட்டுவிட்டேன். எங்கே பூட்டுவதென்று ஒரு பின்னேரம் முழுக்கத் தேடினார். பிறகு என் சைக்கிளை ஒருமுறை பார்த்தார். அடுத்த சனிக்கிழமை சுடச்சுட ரோல்ஸ் தந்தார். கடித்தேன். உள்ளே போல்ட்.

"எங்க பூட்டிறதெண்டு இப்ப தெரிஞ்சிட்டுது" என்றார்.

அன்ரி ஒன்றும் பெரிய மெக்கானிக் இல்லை. டைமிங் பெல்ட் என்ற பல்லுப் பட்டியை ஒரு பல் தள்ளி மாட்டியதால், எஞ்சின் இருமியதே தவிர எழும்பவில்லை. மறுபடி கழற்றினார். போன மாதம் ஒரு புதன்கிழமை அது எழும்பியது. நான் போனைத் தூக்கினேன். "படம் எடுக்காத, காதால கேள்" என்று அதட்டினார். கேட்டேன். அதனால் என்னிடம் சாட்சி இல்லை. அதே கிழமை அன்ரியின் இதயம் நின்றுவிட்டது.

அவருடைய மகன் குகன் அண்ணா காரைப் பழைய இரும்புக்குக் கொடுக்க ஆள் பிடித்திருந்தார்.

"அண்ணா, அது ஓடும். நான் கேட்டனான்."

"பிள்ளை, உன்ர பகிடிக்கு ஒரு நேரம் காலம் இல்லையா?"

ஊரையே ஏமாற்றியவள் உண்மை சொன்னால் இதுதான் கதி. முப்பத்தோராம் நாள், சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது லொறி வந்தது. நான் காருக்கு முன்னால் போய் நின்றேன்.

"பொய்யெண்டால் என்னையும் சேர்த்து ஏத்துங்கோ!"

என்னை நகர்த்துவதற்காகவே அண்ணா சாவியைத் திருகினார். இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. சாப்பிட்டவர்கள் தட்டோடு வெளியே வந்தார்கள். ஒருவர் வாயிலும் "பாவம்" வரவில்லை. அண்ணா இறங்கிவந்து பொனட்டில் கையை வைத்தபடி நின்றார். எஞ்சினை நிறுத்தவில்லை. லொறி வெறுமையாகத் திரும்பியது.

நினைவு மலரை இனித் திருத்தி அடிக்க முடியாதாம். வைத்திருப்பவர்கள் பேனா எடுத்து, "முடிக்காமல்" என்பதை நீங்களே வெட்டிவிடுங்கள். அவர் முடித்துவிட்டுத்தான் போனார்.

கார் அண்ணாவிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்தச் சைக்கிள் போல்ட்டும், அதைக் கடித்து மூலை உடைந்த ஒரு பல்லும். பல்லைக் கட்டுவோம் என்று அம்மா சொல்கிறார். நான் விடமாட்டேன்.